சினைப்பைக் கட்டிகளை ஒலிப்படத்தால் அறிதல்

மாதவிடாய் நின்ற வயதுடைய பெண்மணி ஒருவர், சில வாரங்களாக வயிறு உப்பியிருக்கிறது என்றும், இரண்டு கவளம் உண்பதற்குள் வயிறு நிறைந்துவிடுகிறது என்றும், அடிக்கடி சிறுநீர் கழிக்க நேரிடுகிறது என்றும் கூறினால், கேட்பவர் அதனை வாயுத் தொல்லை என்றே எண்ணுவர். அவரும் அவ்வாறே எண்ணிச் சுக்கும் ஓமமும் அருந்தி நாட்களைக் கழிப்பார். மும்பையில் தாராவியின் குறுகிய சந்துகளிலும், மாதுங்காவின் பழைய குடியிருப்புகளிலும், செம்பூரின் காலனிகளிலும் இம்முறையீடு சர்வ சாதாரணமானது. பெரும்பாலோருக்கு அது வாயுவாகவே இருக்கும். ஆயினும், சினைப்பையில் தோன்றும் புற்றுநோயும் இதே சொற்களில்தான் தன் வருகையை அறிவிக்கிறது. அதற்கெனத் தனி அறிகுறி எதுவும் இல்லை. நோய் சினைப்பையை விட்டு வெளியே பரவுமுன் கண்டு அகற்றப்பட்டால், பத்துப் பெண்களில் ஒன்பது பேர் அளவுக்கு ஐந்தாண்டுகளைக் கடந்து வாழ்கின்றனர். வயிற்றறை எங்கும் பரவிய பின்னர் கண்டறியப்படுவோரில் அவ்வாறு வாழ்பவர் பத்துக்கு மூவர் அளவே. பெரும்பாலோர் பிந்திய நிலையிலேயே ஆஸ்பத்திரிக்கு வருகின்றனர் என்பதுதான் வருந்தத்தக்கது. 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் ஏறத்தாழ 47,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாகத் தோன்றியதாகச் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. இந்தியப் பெண்களைத் தாக்கும் புற்றுநோய்களில் மார்பகம், கருப்பை வாய் ஆகியவற்றுக்கு அடுத்த இடம் இதற்கே உரியது.

வாயுவையும் இதனையும் பிரித்தறிய ஊழியருக்கு உதவும் எளிய அளவுகோல் ஒன்று உண்டு. வாயு வரும், போகும். உணவை மாற்றினால் அதுவும் மாறும். மேற்கூறிய தொல்லைகள் புதிதாகத் தோன்றி, மாதத்தில் 12 முறைக்கு மேல் நேருமாயின், அதிலும் அப்பெண் 50 வயதைக் கடந்தவராயின், அவரைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டிக் குறிப்பு 2011-இல் வகுத்தது. இந்த எண்ணிக்கையை வீட்டு நாட்காட்டியில் கோடு போட்டே கணக்கிட்டுவிடலாம்.

அனுப்பப்படும் பெண்ணுக்கு முதலில் செய்யப்படும் சோதனை ஒலிப்படமே. தமிழ்நாட்டில் 'ஸ்கேன்' என்றும் மும்பையில் 'சோனோகிராபி' என்றும் மக்கள் வழங்குவது இதுவே. செவிக்குக் கேளாத மிக நுண்ணிய ஒலி அலைகளைக் கருவி உடலினுள் செலுத்துகிறது. மென்மையான தசைகளில் ஒலி விநாடிக்குச் சுமார் 1,540 மீட்டர் செல்லும். காற்றில் செல்லும் வேகத்தைப் போல் இது நான்கு மடங்குக்கும் அதிகம். ஒரு திசு முடிந்து வேறு தன்மையுடைய திசு தொடங்கும் எல்லையில் ஒலியின் ஒரு பகுதி எதிரொலித்துத் திரும்புகிறது. பத்து செ.மீ. ஆழத்திலுள்ள எல்லையிலிருந்து எதிரொலி வந்து சேர, ஒரு விநாடியைப் பத்து லட்சம் கூறாக்கினால் அதில் 130 கூறு ஆகும். இக்கணக்கை மாணவர் கரும்பலகையில் தாமே போட்டுப் பார்க்கலாம். போவதும் வருவதுமாக ஒலி கடக்கும் தூரம் 20 செ.மீ. என்பதை மறக்கலாகாது. எதிரொலி வந்த நேரத்திலிருந்து ஆழத்தையும், அதன் வலிமையிலிருந்து எல்லையின் தன்மையையும் கணித்துக் கருவி திரையில் படம் வரைகிறது. தெளிந்த நீர் நிறைந்த பையினுள் எதிரொலிக்க ஒன்றுமில்லை; ஆதலால் அது கரிய வட்டமாகத் தெரியும். கட்டியான சதை சாம்பல் நிறமாகவும், எலும்பும் பல்லும் வெண்மையாகவும், அவற்றின் பின்புறம் நிழலாகவும் தெரியும்.

இக்கருவி வைத்தியத்துக்கு வந்த வரலாறே சினைப்பைக் கட்டியோடு பிணைந்தது. கிளாஸ்கோ நகரில் பிரசவ வைத்தியப் பேராசிரியராக இருந்த இயன் டொனால்டு, உலோகத் தகடுகளில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு உண்டா என்று ஒலியால் சோதிக்கும் கருவியைப் பற்றிக் கேள்வியுற்றார். அறுவை சிகிச்சையில் அகற்றப்பட்ட கருப்பைக் கட்டிகளையும் சினைப்பை நீர்க்கட்டிகளையும் மோட்டார் வண்டியில் ஏற்றிக்கொண்டு, 1955 ஜூலையில் ரென்ஃப்ரூவிலிருந்த கொதிகலன் தொழிற்சாலை ஒன்றுக்குச் சென்றார். ஒப்பிட்டுப் பார்ப்பதற்குத் தொழிற்சாலையார் பெரிய மாட்டிறைச்சித் துண்டு ஒன்றை அளித்தனராம். கட்டியான சதையும் நீர்ப்பையும் வெவ்வேறு விதமாக எதிரொலிப்பது அன்று புலனாயிற்று. பின்னர் டாம் பிரவுன் என்ற இளம் பொறியாளரின் துணையால் கருவி திருத்தி அமைக்கப்பட்டது. அக்காலத்தில் ஒரு பெண்மணி, வயிறு பெருத்து, உடல் மெலிந்து, இரைப்பைப் புற்றுநோய் முற்றி வயிற்றில் நீர் கோத்துவிட்டது என்று கைவிடப்பட்ட நிலையில் இருந்தார். டொனால்டின் கருவியோ, வயிறு முழுவதும் பரவிய நீரை அன்றி, எல்லையுடைய ஒரு பெரும் பையையே காட்டியது. அறுத்துப் பார்த்தபோது அது தீங்கற்ற சினைப்பைக் கட்டி. அகற்றியதும் அப்பெண்மணி நலமடைந்தார். டொனால்டு, மக்விக்கர், பிரவுன் ஆகிய மூவரும் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரை 1958 ஜூன் 7-இல் 'லான்செட்' பத்திரிகையில் வெளிவந்தது. பெருத்த வயிறு எல்லாம் ஒன்றல்ல என்ற அந்தப் பாடம் இன்றும் பழையதாகிவிடவில்லை.

படத்தில் காணப்படுவது எதுவாயினும், 'சினைப்பையில் கட்டி' என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் குடும்பமே கலங்கிவிடுகிறது. ஆகவே இயல்பான நிலை எது என்பதை ஊழியர் அறிந்திருத்தல் அவசியம். சினைப்பை கருப்பையின் இரு மருங்கிலும் அமைந்த, பாதாம் பருப்பைப் போன்ற உறுப்பு. நீளம் 3 முதல் 5 செ.மீ. வரை. மாதந்தோறும் அதில் ஒரு சினைமுட்டையைத் தாங்கிய நீர்க்கொப்புளம் வளர்ந்து, சுமார் 2 செ.மீ. அளவை எட்டி வெடிக்கிறது. அக்கொப்புளமும் படத்தில் 'சிஸ்ட்' என்றே தோன்றும். மாதவிடாய் நிற்காத பெண்ணுக்கு 5 செ.மீ.க்குக் குறைந்த, மெல்லிய சுவருடைய, தெளிந்த நீர் மட்டுமே கொண்ட பை ஏறக்குறைய எப்போதும் இயற்கையின் செயலே. இரண்டு மூன்று மாதவிடாய்களுக்குள் அது தானே மறைந்துவிடும். இத்தகைய பைக்காக அறுவை செய்துகொண்டு கடன்பட்ட குடும்பங்கள் உண்டு.

வேறு சில கட்டிகளைத் தேர்ந்த கண் உடனே அடையாளம் கண்டுகொள்ளும். 'டெர்மாயிட்' என்ற கட்டியில் கொழுப்பும் மயிரும் சில வேளைகளில் பல்லும் இருக்கும். ஒலிப்படம் வருவதற்கு முன்னரே, இடுப்பின் எக்ஸ்-ரே படத்தில் பல் தெரிவதைக் கொண்டு வைத்தியர்கள் இதனை ஊகித்ததுண்டு. கருப்பையின் உட்சவ்வு சினைப்பையில் வளர்ந்து பழைய இரத்தம் தேங்கிய 'சாக்லெட் சிஸ்ட்', தேய்த்த கண்ணாடியைப் போல் மங்கலாகத் தெரியும்.

புற்றுநோயை ஐயுறச் செய்யும் தோற்றங்கள் யாவை? 1999-இல் லூவென் நகரின் டிம்மர்மன், மால்மோவின் வாலன்டின், லண்டனின் பூர்ன் ஆகியோர் தொடங்கிய சர்வதேசக் குழு, ஆயிரக்கணக்கான கட்டிகளின் ஒலிப்படத்தையும் அறுவைக்குப் பின் கிடைத்த நுண்ணோக்கி முடிவையும் ஒப்பிட்டு, 2008-இல் எளிய விதிகளை வெளியிட்டது. ஒழுங்கற்ற உருவுடைய சதைக்கட்டி, வயிற்றில் நீர்க்கோவை, பையின் உட்சுவரில் நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட முளைகள், பல அறைகளும் சதையும் கலந்து 10 செ.மீ. அல்லது அதற்கு மேல் வளர்ந்த ஒழுங்கற்ற கட்டி, மிகுந்த இரத்த ஓட்டம் ஆகிய ஐந்தும் தீயவை. ஒரே அறையுடைமை, சதைப்பகுதி இருப்பினும் 7 மி.மீ.க்குக் குறைந்திருத்தல், ஒலிநிழல், 10 செ.மீ.க்கு உட்பட்ட வழவழப்பான பல அறைக் கட்டி, இரத்த ஓட்டமே இன்மை ஆகிய ஐந்தும் நல்லவை. தீயது மட்டும் இருந்தால் புற்றுநோய் என்றும், நல்லது மட்டும் இருந்தால் தீங்கற்றது என்றும் கொள்ளலாம். இரண்டும் கலந்திருந்தாலோ, எதுவுமே இல்லாவிட்டாலோ விதி மௌனம் சாதிக்கும். நான்கு கட்டிகளில் ஒன்று அவ்வாறு எஞ்சுகிறது. தான் அறியாததை அறியேன் என்று கூறும் விதி வைத்தியத்தில் அரிது.

இதற்கு முந்தியதாயினும் இன்னும் வழக்கிலுள்ள கணக்கு ஒன்று 1990-இல் லண்டனில் ஜேக்கப்ஸ் குழுவினரால் வகுக்கப்பட்டது. பல அறைகள், சதைப்பகுதி, இரு பக்கமும் கட்டி, நீர்க்கோவை, பரவிய கட்டிகள் ஆகிய ஐந்தில் ஒன்று தெரிந்தால் மதிப்பு 1. இரண்டோ அதற்கு மேலோ தெரிந்தால் 3. எதுவும் இல்லையேல் 0. மாதவிடாய் நின்றவருக்கு 3, நில்லாதவருக்கு 1. இவ்விரண்டையும் சிஏ-125 என்ற இரத்தச் சோதனையின் எண்ணோடு பெருக்க வேண்டும். விடை 200-ஐத் தாண்டினால் புற்றுநோய் அறுவையில் தேர்ந்தவரிடம் அனுப்புக என்பது விதி. சிஏ-125 அளவு 35-க்குள் இருந்தால் இயல்பு என்பர். ஆனால் மாதவிடாய் நின்ற ஒருவருக்கு அது 30 மட்டுமே இருந்து, படத்தில் இரண்டு தோற்றங்கள் இருப்பின், 3 x 3 x 30 = 270. இரத்தச் சோதனையை மட்டும் பார்த்து ஆறுதல் கொண்டவர் இங்கே தவறியிருப்பார்.

அதே கணக்கு மறுபுறம் தவறுவதும் உண்டு. மும்பை போன்ற நகரில் அதனை வலியுறுத்திக் கூறாமல் இருக்க இயலாது. காற்றும் வெளிச்சமும் குறைந்த நெருக்கமான வீடுகளில் க்ஷயரோகம் இன்னும் குடிகொண்டிருக்கிறது. நுரையீரலைப் போலவே வயிற்றுச் சவ்வையும் அந்நோய் பற்றும். அப்போது வயிற்றில் நீர் கோக்கும், உடல் மெலியும், கருக்குழாயும் சினைப்பையும் ஒட்டிக்கொண்டு கட்டியாகத் தோன்றும், வயிற்றினுள் தொங்கும் கொழுப்புச் சவ்வு தடிக்கும், சிஏ-125 பல நூறாக உயரும். முப்பது வயதுப் பெண் ஒருவருக்கு இவ்வாறு நேர்ந்து இரத்தச் சோதனையின் எண் 500 என வந்தால், 3 x 1 x 500 = 1,500. முற்றிய சினைப்பைப் புற்றுநோய் என்று கணக்கு அடித்துக் கூறும். உண்மையில் அவருக்கு வேண்டுவது க்ஷயரோகத்துக்குரிய ஆறு மாத மருந்து மட்டுமே. சினைப்பையையும் கருப்பையையும் இழந்து, பிள்ளைப் பேற்றையும் இழக்க வேண்டிய அவசியமில்லை. இதற்கு நேர்மாறான பிழையும் கொடியதே. புற்றுநோயுள்ளவருக்கு நீர்க்கோவையைக் கண்டு க்ஷயரோகம் என ஊகித்து மாத்திரை கொடுத்துக் காத்திருந்தால், அக்காத்திருப்பில் நோய் முற்றிவிடும்.

படத்தில் சில குறிப்புகள் கிட்டும். சவ்வு சீராகத் தடித்திருத்தல், நீரினுள் மெல்லிய இழைகள் ஓடுதல், நடுவில் அழுகிய நெறிகட்டிகள், சினைப்பைகள் இயல்பாகத் தெரிதல் ஆகியவை க்ஷயரோகத்தின் பக்கம் சாய்கின்றன. சவ்வில் முடிச்சு முடிச்சாகக் கட்டிகள் புற்றுநோயின் பக்கம். காய்ச்சலும், வீட்டில் எவருக்கேனும் க்ஷயரோகம் இருந்த வரலாறும் கேட்டறியத்தக்கவை. களப்பணியாளர் இதனைச் சீட்டில் ஒரு வரி எழுதியனுப்பினால் படம் எடுப்பவருக்குப் பெரிதும் உதவும். எனினும் படம் மட்டும் தீர்ப்பு வழங்கிவிடாது. நீரை எடுத்துச் சோதித்தும், ஒலிப்படத்தின் வழிகாட்டலில் ஊசி செலுத்தித் தடித்த சவ்வின் துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தும் முடிவு செய்யப்படும். எந்த இடத்தில் ஊசி செல்ல வேண்டும் என்று காட்டுவதே படத்தின் அருமையான பணி.

ஊசியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பரவாத நிலையிலுள்ள, ஐயத்துக்குரிய சினைப்பைக் கட்டியில் ஊசி குத்தி நீர் எடுத்தல் ஆகாது. உறை கிழிந்தால் உள்ளிருக்கும் நோயணுக்கள் வயிற்றறையில் சிந்தி, முதல் நிலையிலிருந்த நோயைத் தம் கையாலேயே முன்னேறச் செய்ததாகும். அத்தகைய கட்டி முழுதாகவே வெளியே எடுக்கப்பட வேண்டும். பெருத்த வயிற்றைக் கண்டு நீர்க்கோவை எனக் கருதி, படம் எடுக்காமல் ஊசி போடுவது எவ்வளவு ஆபத்து என்பதை கிளாஸ்கோப் பெண்மணியின் கதை உணர்த்தும்.

சோதனைக்குச் செல்லும் பெண்ணுக்கு முன்னறிவிப்பு தேவை. வயிற்றின் மேல் கருவியை வைத்துப் பார்க்கும் முறைக்குச் சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும். நிறைந்த பை குடலை ஒதுக்கி, ஒலி செல்லச் சாளரமாக அமைகிறது. குடலிலுள்ள காற்று ஒலியைத் தடுக்கும். தண்ணீர் குடித்துவிட்டு வரிசையில் நெடுநேரம் நிற்க இயலாமல் கழித்துவிட்டு வந்து, மறுநாள் வரச் சொல்லித் திருப்பியனுப்பப்படுவோர் பலர். நாட்கூலிப் பெண்ணுக்கு அது ஒரு நாள் ஊதிய இழப்பு. மணமானவர்க்குப் பிறப்புறுப்பின் வழியாக மெல்லிய கருவியைச் செலுத்திப் பார்க்கும் முறை இன்னும் தெளிவானது. சினைப்பைக்கு அருகில் செல்வதால் அதிக அதிர்வெண் உடைய ஒலியைப் பயன்படுத்தலாம். அதிர்வெண் கூடினால் நுணுக்கம் கூடும், ஊடுருவும் ஆழம் குறையும். இதற்குச் சிறுநீர்ப்பை காலியாக இருத்தல் வேண்டும். கூச்சத்தால் இச்சோதனையை மறுப்பவரிடம், பெண் உதவியாளர் உடனிருப்பார் என்றும் வலி மிகாது என்றும் முன்கூட்டியே விளக்குவது ஊழியரின் கடமை. இரு முறைகளிலும் எக்ஸ்-கதிர் இல்லை.

படமெடுக்கும் வசதியில் மும்பை பின்தங்கியதன்று. தாராவிக்கு அருகே சயானில் லோகமான்ய திலக் மாநகராட்சி ஆஸ்பத்திரி உள்ளது. பரேலில் 1941 பிப்ரவரி 28-இல் திறக்கப்பட்ட டாட்டா நினைவு ஆஸ்பத்திரி, 1962 முதல் மத்திய அரசின் அணுசக்தித் துறையின் பொறுப்பில் இயங்குகிறது. செம்பூரிலிருந்து செல்வோர் குர்லாவில் வண்டி மாறினால் சயான், மாதுங்கா, தாதர் கடந்து பரேல் நிலையத்தை அடையலாம். ஒலிப்படத்தில் ஐயம் நீங்காதபோது எம்.ஆர்.ஐ. படம் கட்டியின் தன்மையை மேலும் தெளிவாக்கும். புற்றுநோய் என்று உறுதியான பின் அது எங்கெங்கே பரவியுள்ளது, முதலில் அறுவையா மருந்தா என்று முடிவு செய்ய சி.டி. படம் வேண்டும். கதிரியக்கச் சர்க்கரையை உடலில் செலுத்தி, அதனை மிகுதியாக உறிஞ்சும் இடங்களைக் காட்டும் 'பெட்' கருவி இந்தியாவில் முதன்முதலாக 2002-இல் பரேலிலுள்ள கதிர் மருத்துவ மையத்தில் நிறுவப்பட்டது. டிராம்பேயின் அணுசக்தி நிலையத்தைச் சேர்ந்தது அம்மையம். ஆயினும் இவ்விலையுயர்ந்த கருவியும் க்ஷயரோகத்திடம் ஏமாறுகிறது. அந்நோய் பற்றிய திசுவும் சர்க்கரையை உறிஞ்சி ஒளிரும்.

இவ்வளவு கருவிகள் இருக்க, தொல்லை ஏதுமில்லாத பெண்கள் எல்லோருக்கும் ஆண்டுதோறும் ஒலிப்படம் எடுத்தால் என்ன என்ற கேள்வி எழும். சில தனியார் பரிசோதனைத் திட்டங்கள் அவ்வாறே விளம்பரம் செய்கின்றன. பிரிட்டனில் 2001 முதல் 2005 வரை 2,02,638 பெண்களைச் சேர்த்து நடத்திய ஆராய்ச்சியின் நீண்டகால முடிவு 2021-இல் வெளியாயிற்று: ஆண்டுதோறும் ஒலிப்படம் எடுத்த குழுவிலும், இரத்தச் சோதனையை முதற்படியாகக் கொண்ட குழுவிலும், இந்நோயால் நேரும் மரணம் குறையவில்லை. அமெரிக்க ஆராய்ச்சியின் 2011-ஆம் ஆண்டு அறிக்கை இன்னும் கவலைக்குரியது. புற்றுநோய் இல்லாமலே சோதனையின் தவறான முடிவால் 1,080 பெண்கள் அறுவைக்கு உள்ளாயினர். அவர்களில் நூற்றுக்குப் பதினைந்து பேருக்குக் கடுமையான பின்விளைவுகள் நேர்ந்தன. ஆகவே தொல்லை உள்ளவரைத் தாமதமின்றி அனுப்புவதும், தொல்லை அற்றவரை வீணே அனுப்பாதிருத்தலும் ஒரே அறிவின் இரு பக்கங்களாம். தாய்க்கோ உடன்பிறந்தாளுக்கோ சினைப்பை அல்லது மார்பகப் புற்றுநோய் இருந்தவர்கள் மட்டும் இதற்கு விலக்கு. அவர்களுக்கு மரபணு ஆலோசனை தேவைப்படும்.

முகாம் நடத்த விரும்புவோர் ஒரு சட்ட வரம்பையும் நினைவில் கொள்ள வேண்டும். கருவின் பாலினத்தை அறிவதைத் தடுக்க மகாராஷ்டிரம் 1988-இலேயே சட்டம் இயற்றியது. 1994-இல் நாடு முழுவதற்கும் பொதுச்சட்டம் பிறந்தது. ஒலிப்படக் கருவி ஒவ்வொன்றும் பதிவு செய்யப்பட்ட இடத்தில் மட்டுமே இயங்க வேண்டும் என்பதால், கருவியைச் சந்துக்குக் கொண்டுவருதல் எளிதன்று. பெண்ணைத்தான் கருவியிடம் அழைத்துச் செல்ல வேண்டியிருக்கிறது.

அழைத்துச் செல்லும்போது பழைய அறிக்கையும் படங்களும், எத்தனை ஆண்டு பழையனவாயினும், உடன் எடுத்துச் செல்லப்பட வேண்டும். மூன்றாண்டுகளாக 4 செ.மீ. அளவிலேயே இருக்கும் டெர்மாயிட் வேறு. ஆறு மாதத்தில் 4-லிருந்து 9 செ.மீ. ஆகி, உள்ளே முளை விட்டிருக்கும் பை வேறு. இன்று எடுத்த ஒரு படத்தால் மட்டும் அந்த வேற்றுமையைக் கூற முடியாது. ஊருக்குச் செல்லும்போது திருநெல்வேலியில் எடுத்த படமும், திரும்பி வந்து சயானில் எடுத்த படமும் ஒரே உறையில் இருக்கட்டும். கடைசி மாதவிடாய் வந்த தேதியும் அந்த உறையின் மேலேயே எழுதப்பட்டிருக்கட்டும்.